பந்தோபஸ்து ட்ரோனும் வான்வெளி அனுமதியும்: ஒரு ரிமோட் பைலட்டின் அனுபவங்கள்

மதுரையையும் அதற்குத் தெற்கே உள்ள மாவட்டங்களையும் சுற்றி, காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒப்பந்த அடிப்படையில் ட்ரோன் இயக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். திருவிழாக் கூட்டம், வெள்ளம், காணாமல் போனவர்களைத் தேடுதல், தலைவர்கள் வருகை என்று பணிகள் பலவாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லா இடத்திலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அரசாங்க வேலைக்காகப் பறக்கும் ட்ரோனுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? கேட்பவர்களில் பலர் அனுமதி தேவையில்லை என்று முடிவு செய்துவிட்ட பிறகே என்னிடம் கேட்கிறார்கள்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் இதற்குத் தொடக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகின்றன. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகள் பயன்படுத்தும் ட்ரோன்களுக்கு அந்த விதிகள் பொருந்தா. அந்த விலக்கில் காவல்துறை இல்லை. தீயணைப்புத் துறை இல்லை. வருவாய்த் துறையும் இல்லை. ஆகவே ஒரு டி.எஸ்.பி. எனக்குத் தரும் பணி உத்தரவு, நான் எங்கே, எதற்காக, யாருக்குக் கட்டுப்பட்டுப் பறக்கிறேன் என்பதைச் சொல்லுமே தவிர, மேலே உள்ள வான்வெளியை எனக்குத் திறந்துவிடாது. வான்வெளியைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மரியாதை குறையாமல் விளக்கத் தெரிந்துகொள்வதுதான் என் தொழிலில் பாதி.

வான்வெளி வரைபடம் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் அனுமதி தர வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் பச்சையின் உச்சி 200 அடிக்கு, அதாவது 60 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே மஞ்சள். படிக்க எளிமையாக இருக்கும் இந்த வளையம்தான் நடைமுறையில் அதிகம் மீறப்படுகிறது என்பது என் கணிப்பு.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது; அழகர் ஆற்றில் இறங்கும் வைகைக் கரை அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அன்றைக்கு வேறு தடை எதுவும் அறிவிக்கப்படாமல் இருந்தாலும்கூட, கூட்டத்தைக் கண்காணிக்க நான் ஏற்றக்கூடிய உயரம் 60 மீட்டர்தான். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த உச்சவரம்பு எவ்வளவு தாழ்வானது என்பது விளங்கும். பல லட்சம் பேர் திரளும் ஒரு கூட்டத்தை அந்த உயரத்திலிருந்து ஒரே சட்டகத்தில் அடக்க முடியாது. "இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், பாலம் முழுவதும் தெரிய வேண்டும்" என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து வரும் வேண்டுகோள் நியாயமானதே. ஆனால் அதற்கான வழி, முன்கூட்டியே விண்ணப்பித்து மஞ்சள் மண்டலத்துக்கான அனுமதி வாங்குவது. அல்லது ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இடங்களில் ட்ரோன்களை நிறுத்தி, ஆளுக்கொரு பகுதியைக் கவனிப்பது. அனுமதி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் நாங்கள் இரண்டாவது வழிக்கே திட்டமிடுகிறோம்.

இதில் சிக்கல் இன்னொன்றும் உண்டு. கன்ட்ரோலர் திரையில் தெரியும் உயரம், பெரும்பாலான ட்ரோன்களில், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கூட்ட நெரிசலுக்கு ஒதுங்கி நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து கிளம்பினால், மாடியின் உயரம் 14 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், திரையில் 55 என்று காட்டும்போது ட்ரோன் தரையிலிருந்து 69 மீட்டரில் இருக்கும். திரையைப் பார்ப்பவர் வரம்புக்குள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். அதனால் மாடியிலிருந்து பறக்க நேர்ந்தால், மாடியின் உயரத்தைக் கழித்து மீதியைத்தான் ட்ரோனின் அதிகபட்ச உயர அமைப்பில் பதிவு செய்கிறோம். அந்தக் கணக்கைப் பறப்புக் குறிப்பேட்டிலும் எழுதிவைக்கிறோம்.

விண்ணப்பிப்பது பற்றிச் சொன்னேன். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகும் அதைப் படிப்பதற்கு ஒரு பயிற்சி தேவை. விமானப் போக்குவரத்து உலகம் நேரத்தை, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில்தான் (UTC) குறிக்கும். 0330 முதல் 0530 வரை என்று கடிதத்தில் இருந்தால், நம் நேரப்படி அது காலை 9 மணி முதல் 11 மணி வரை. விடியற்காலை மூன்றரை மணிக்கு ட்ரோனோடு ஆற்றங்கரையில் போய் நின்றவர்களை நான் அறிவேன். அவர்கள் பறந்த நேரத்தில் அவர்களிடம் அனுமதி இல்லை, அனுமதி இருந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆயத்தொலைவுகளும் அப்படித்தான். அட்சரேகை 12 பாகை 58 நிமிடம் 30 விநாடி என்பது தசமத்தில் 12.975. அவசரத்தில் யாராவது அதை 12.5830 என்று தட்டச்சு செய்துவிட்டால், இடம் 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிப்போகும். வேளச்சேரிப் பக்கம் பறக்கக் கேட்டவரின் விண்ணப்பம் கல்பாக்கத்தை ஒட்டிய பகுதிக்குப் போய் நிற்கும். அணுமின் நிலையம் இருக்கும் இடத்தருகே ட்ரோன் பறக்க வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகம் கேட்பதாகக் கோப்பில் பதிவாகும். விண்ணப்பத்தை அனுப்புமுன் அதில் உள்ள எண்களை அப்படியே எடுத்து வரைபடத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தட்டச்சு செய்தவரைத் தவிர வேறொருவர் அதைச் செய்ய வேண்டும் என்பதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

அவசர காலம் என்று வரும்போதுதான் இந்தக் காகித வேலைகளெல்லாம் வீண் என்ற எரிச்சல் எல்லோருக்கும் எழுகிறது. எரிச்சல் புரியக்கூடியதே. சென்னையில் மழைநீர் தேங்கும் இடங்களின் பட்டியலையும் வான்வெளி வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேளச்சேரியும் மடிப்பாக்கமும் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கத்திலும், முடிச்சூரும் வரதராஜபுரமும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கத்திலும் கிடக்கின்றன. ட்ரோன் மிகவும் தேவைப்படும் இடம், ட்ரோனுக்கு மிகவும் கட்டுப்பாடு உள்ள இடமாகவே அமைந்துவிடுகிறது. தண்ணீர் இடுப்பளவு வந்த பிறகு அனுமதிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்பது ஆடி மாதத்திலேயே அந்தப் பகுதி வார்டு அலுவலகத்துக்குத் தெரியும். அந்த இடங்களின் ஆயத்தொலைவுகள், தேவைப்படும் உயரம், பறக்கப்போகும் ட்ரோன்களின் பதிவெண்கள், பைலட்டுகளின் சான்றிதழ் எண்கள், தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஒரு கோப்பைத் தயார் செய்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தோடு பேசி வைத்திருந்தால், மழை நாளில் அவர்களைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிராது. அனுமதி கிடைத்தே தீரும் என்பதற்கு இது உறுதியல்ல. ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் விரைவாக வரும், இல்லை என்றால் படகையும் ஆட்களையும் வேறு விதமாகத் திட்டமிட நேரம் இருக்கும்.

அவசரத்துக்குச் சலுகை தரவே முடியாது என்பதும் உண்மையல்ல. 2020 மே மாதத்தில், கொரோனாப் பணிகளுக்காக அரசு அமைப்புகள் ட்ரோன் பயன்படுத்த விரைவாக விலக்கு அளிக்கும் 'கருட்' என்ற இணையவாசலை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் திறந்தது. அப்போதும் வான்வழிக் கண்காணிப்பு, படமெடுத்தல், பொது அறிவிப்பு என்று பணிகளின் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது. தனியார் இயக்கினாலும் பொறுப்பு அமர்த்திய அரசு அமைப்பையும் சேர்ந்தது. நெருக்கடியின் உச்சத்தில் தரப்பட்ட விலக்குக்கே இத்தனை நிபந்தனைகள் இருந்தன என்றால், சாதாரண நாளில் ஓர் அலுவலர் வாய்மொழியாகத் தரும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதன் மதிப்பு என்ன என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்ட அந்த நாட்களில், எங்களைப் போன்ற குழுக்களுக்கும் அழைப்பு வந்தது. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே 120 மீட்டர் வரை பறக்கலாம் என்றே தோன்றும். ஆனால் அந்த வானத்தில்தான் ராணுவ ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்கள் போடவும் ஆட்களை மீட்கவும் தாழ்வாக வந்துபோய்க்கொண்டிருந்தன. மனிதர்கள் செல்லும் வானூர்திக்கு வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது ட்ரோன் விதிகளின் தெளிவான கட்டளை. மண்டலத்தின் நிறம் அந்தக் கட்டளையை மாற்றாது. பொட்டலம் போட வரும் ஹெலிகாப்டர் மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலே, அதாவது ட்ரோன் பறக்கும் அதே உயரத்தில்தான் வரும். மழை மூட்டத்தில் அதன் பைலட்டுக்கு ஒரு ட்ரோன் கண்ணில் படவே படாது.

அப்போது நாங்கள் பின்பற்றிய முறை எளியது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில், ஹெலிகாப்டர் பயணங்களைப் பற்றித் தெரிந்த ஒருவரை எங்கள் தொடர்பாளராக வைத்துக்கொண்டோம். அவரிடமிருந்து 'இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை வானம் காலி' என்று செய்தி வந்தால் மட்டுமே ட்ரோன் கிளம்பும். செல்போன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தரையில்தான் இருக்கும். பறக்கும்போது ஒருவர் கன்ட்ரோலரைப் பார்க்க, இன்னொருவர் திரையைத் திரும்பிப் பார்க்காமல் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, காதால் கேட்டுக்கொண்டு நின்றார். ஹெலிகாப்டரின் ஓசை கண்ணுக்கு முன்பே காதுக்கு வந்துவிடும்; ஆனால் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதுவும் கேட்காது. ஆகவே ட்ரோன் கிளம்பும் இடத்தை ஜெனரேட்டருக்கும் மைக்செட்டுக்கும் தள்ளியே தேர்ந்தெடுத்தோம். அந்த நாட்களில் நாங்கள் பறந்த நேரத்தைவிடப் பறக்காமல் காத்திருந்த நேரம் அதிகம். கரையில் நின்ற மக்கள் அதற்காக எங்களைக் கடிந்துகொண்டார்கள். ஆபத்து வெறும் கற்பனை அல்ல என்பதற்கு, 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயில், தண்ணீர் ஊற்ற வந்த கனடா நாட்டு விமானத்தின் இறக்கையில் ஒரு தனியார் ட்ரோன் மோதி ஓட்டை போட்டதே சாட்சி. அந்த விமானம் பழுதுபார்க்கப்படும்வரை தீயணைப்புக்கு வர முடியாமல் போயிற்று.

தலைவர்கள் வருகையின்போது வேறு வகைக் குழப்பம் ஏற்படுகிறது. 'இன்ன நாளில் ட்ரோன் பறக்கத் தடை' என்று செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் வரும் ஆணை; பழைய 144 தடையுத்தரவின் வாரிசு. ட்ரோன் விதிகளின் கீழ் இதற்கென்றே தனி வழி ஒன்று உண்டு: எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அலுவலர், ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மிகாமல், ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, ட்ரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அறிவிக்கலாம். பரப்பளவு தேவைக்கு மேல் விரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது ஆணை மட்டும் இருந்து, தளத்தில் அறிவிப்பு இல்லாவிட்டால், வெளியூரிலிருந்து வரும் கல்யாண வீடியோகிராபர் வரைபடத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தோடு பறப்பார். அவரைப் பிடித்து வழக்குப் போடுவதால் யாருக்கும் பயனில்லை. இரண்டு அறிவிப்பும் வர வேண்டும் என்று திட்டக் கூட்டத்திலேயே நினைவூட்டுவது என் வழக்கம். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுவேன்: இந்தத் தடைக்குள் நாங்கள் பறப்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? தடை விதித்த அலுவலகமே எங்களை அமர்த்தியிருக்கிறது என்பதால் தடை எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆணையிலேயே எங்கள் ட்ரோன்களின் பதிவெண்ணைக் குறிப்பிட்டு விலக்கு அளிக்கச் சொல்வோம். வான்வெளி சிவப்பாகிவிட்டால் அதற்குரிய அனுமதியையும் தனியே கேட்கச் சொல்வோம். களத்தில் நிற்கும் வேறொரு பிரிவின் காவலர் எங்கள் ட்ரோனை அந்நிய ட்ரோன் என்று நினைத்துச் செயலிழக்கச் செய்யாமல் இருக்கவும் அந்தக் காகிதம் உதவுகிறது.

இதுவரை சொன்னது எங்கே, எப்போது பறக்கலாம் என்பது. எதற்காகப் பறக்கிறோம் என்ற எல்லை இதைவிட நுட்பமானது. அங்கேதான் கண்ணியமான மனிதர்கள்கூடத் தடம் மாறுகிறார்கள். ஒரு தேர்த் திருவிழாவில் தேரடி வீதியின் நெரிசலைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அலுவலர், நிழலுக்காகத் திரைமேல் கையைக் குவித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்:

"தம்பி, அப்படியே அந்தப் பச்சை பெயின்ட் அடிச்ச வீட்டு மாடிப்பக்கம் கொஞ்சம் திருப்புங்க. அங்க ஒரு ஆள் இருக்கானான்னு பார்க்கணும்."

"சார், இன்னைக்கு ஆர்டர்ல வீதிக் கூட்டம்னுதான் போட்டிருக்கு. வீட்டுக்குள்ள பார்க்கணும்னா அது தனி விஷயம். எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, எதுக்குப் பார்த்தோம்னு பின்னாடி ரெண்டு பேருக்கும் பதில் இருக்கும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, இரண்டு காவலர்களை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பினார். அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டார்கள், விஷயம் முடிந்தது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு தேவைக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள் முன்வைக்கப்பட்டன. கூட்டத்தைப் பார்க்க ஏற்றிய கேமரா ஒரு வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பெண்ணையும் பார்த்துவிடும் என்பது தவிர்க்க முடியாதது. ஆனால் அங்கே நிறுத்தி, பெரிதாக்கிப் பார்ப்பது வேறு செயல். அதனால் பணி உத்தரவில் நோக்கத்தையும் எல்லைத் தெருக்களையும் பெயர் சொல்லி எழுதித் தரும்படி கேட்கிறேன். 'பாதுகாப்புப் பணிக்காக' என்று மொட்டையாக எழுதப்பட்ட உத்தரவு அலுவலருக்கு வசதியாகத் தோன்றும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அது அவருக்கு எந்த அரணும் தராது.

ட்ரோனுக்கும் ஆளுக்கும் வேண்டிய காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும். பைலட்டுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அது பத்து ஆண்டுகள் செல்லும். 2 கிலோ வரையுள்ள ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்குபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகை, கட்டணம் பெற்றுப் பறக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோன் என்றாலும் சிவப்பு, மஞ்சள் மண்டலக் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுமையாகவோ பாகங்களாகப் பிரித்தோ இறக்குமதி செய்யச் சில விலக்குகளோடு தடை இருக்கிறது. ஓர் அலுவலகம் எவரோ அன்பளிப்பாகக் கொடுத்த வெளிநாட்டு ட்ரோன் ஒன்றை என்னிடம் தந்து பறக்கச் சொன்னது. வாங்கிய ரசீது இல்லை, பதிவெண் இல்லை; படத்தின் தரம் என்னவோ அருமையாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தளத்தின் வழியே தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பதிவே இல்லாத ட்ரோனுக்கு யார், எந்த எண்ணில் தெரிவிப்பது?

கடைசியாக, எடுத்த படம் நீதிமன்றத்துக்குப் போகும் வழி. விதிமீறிப் பறந்து எடுத்த காணொளி என்பதாலேயே நம் நீதிமன்றங்கள் அதைத் தள்ளிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள்; அது முழுதும் சரியன்று. 1970-களின் பூரண் மல் வழக்கு முதல், சான்று கிடைத்த வழி தவறு என்பதற்காகவே அது பயனற்றதாகிவிடாது என்ற நிலைப்பாடு இங்கே உண்டு. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்பவர் பைலட். பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) எல்லாம் எழுத வேண்டும். அதில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். பதிவெண் இல்லாத ட்ரோனையோ, அனுமதிக்கு மேற்பட்ட உயரத்தையோ அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் நிற்பது யாருக்கும் விருப்பமான காரியமாக இருக்காது. பறப்பு முடிந்து மெமரி கார்டைக் கழற்றியவுடன், அலுவலர் முன்னிலையிலேயே கோப்புகளின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, குறிப்பேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். மறுநாள் செய்துகொள்ளலாம் என்று விட்டால், இடைப்பட்ட இரவில் கார்டு யார் கையில் இருந்தது என்ற கேள்வி முளைக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் பறந்த விவரங்களுக்குப் பக்கத்தில் 'பறக்காதவை' என்று ஒரு பத்தியும் வைத்திருக்கிறேன். யார் கேட்டார், எந்த இடம், ஏன் மறுத்தோம், அதற்குப் பதிலாக என்ன யோசனை சொன்னோம் என்று நான்கு வரிகள். ஒரு முறை, அவசர நேரத்தில் ட்ரோன் குழு ஒத்துழைக்கவில்லை என்று எங்கள்மேல் எழுத்தில் புகார் போயிற்று. விசாரித்த அலுவலர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, மறுப்பு எழுதப்பட்ட நேரத்தையும் அன்றைய ஹெலிகாப்டர் பயண நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதன் நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த பருவமழைக்கான இடப் பட்டியலை எப்போது தரப்போகிறீர்கள் என்று கேட்டார்.